மைண்ட் என்றால் மனம்

ஆங்கிலத்தில் 'மைண்ட்' என்று ஒரு சொல் உண்டு. பால்குடி மறந்த பிள்ளைகூடச் சொல்லிவிடக்கூடிய சின்னச் சொல். அதை யாராவது என் எதிரில் சொன்னால் இன்றும் எனக்குக் காது மடல் சுடும். சொன்னவருக்கு ஒன்றும் தெரியாது. நான் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். படிப்பவர்களும் என்னைப்போல் இருட்டில் தடவ வேண்டாம். மைண்ட் என்றால் மனம். அதில் பிழை இல்லை. ஆனால் வெள்ளைக்காரர்கள் 'டூ யூ மைண்ட்' என்று கேட்டால் 'உங்களுக்கு மனசா' என்று கேட்கவில்லை. 'இது உங்களுக்குச் சங்கடமா, வேண்டாம் என்று இருக்கிறதா' என்று கேட்கிறார்கள். சங்கடம் ஒன்றுமில்லை, ஆகட்டும் என்பவர் 'நோ' சொல்ல வேண்டும். ஆகாது என்பவர்தான் 'யெஸ்' சொல்ல வேண்டும். நம்மிடம் மனசா என்று கேட்டால் சம்மதமா என்று அர்த்தம். மனசுதான் என்றால் சம்மதம், மனசில்லை என்றால் மாட்டேன். ஆக, அவர்கள் மைண்டும் நம் மனசும் ஒரே வீட்டில் பிறந்து ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்ட அக்கா தங்கைகள். இது எனக்குத் தெரியவந்தபோது காரியம் கெட்டுப்போய் இருந்தது.

என் அப்பா ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிஸ்பென்சர். சனங்களுக்கு அவர் 'மருந்து ஐயா'. மருந்துப் புட்டிகளுக்குப் பசை தடவிப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது சின்ன வயதில் என் வேலை. எழுத்துக் கூட்டத் தெரியுமுன்பே சீட்டின் வடிவத்தைப் பார்த்து எது காய்ச்சல் மருந்து, எது இருமல் மருந்து என்று ஆங்கிலத்திலேயே சொல்லுவேன். அப்பாவுக்குத் தலைகால் புரியாது. பதுளையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார், தங்கிப் படிக்கும்படி.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இங்கிலீசு?" என்று தோட்டத்தில் கேட்டார்கள்.

"நாளைக்கு ஒரு தொரை வந்து நின்னு பேசினா முழிக்காம பதில் சொல்லட்டும்" என்றார் அப்பா.

அப்படியே நடந்தது. துரைசாணியே வந்து நின்று பேசினார், நானும் முழிக்காமல் பதில் சொன்னேன். முழித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளியில் நான் படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று சிலேட்டில் எழுதிக்கொள்வேன். ஹேண்ட், கை. டோர், கதவு. மைண்ட், மனம். தேங்காய்க்குத் தேங்காய் மாற்றிக்கொள்வதுபோல் இருக்கும் எனக்கு அது. பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் வாக்கியம் வாக்கியமாகப் படித்துத் தடுமாறுவார்கள். நான் சொற்களைக் குவித்து வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துச் சிரிப்பேன். வெள்ளைக்கார டீச்சரம்மா ஒரு தடவை, படியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தபோது, 'மைண்ட் த ஸ்டெப்' என்றார். படியை மனத்தில் வைத்துக்கொள் என்கிறார் என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன். அது சரியாகவும் இருந்ததா, எனக்கு இன்னும் திமிர் ஏறிற்று.

கல்யாணமாகி லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே கணக்கப்பிள்ளை. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன மலை என்று வேலை பிரித்துக் கொடுத்து, பகல் முழுக்க அவர்களோடு மலையில் நிற்கிற உத்தியோகம். இரண்டு கணக்கப்பிள்ளைமார் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

அடுத்த வீட்டு அக்காவுக்கு முசிறிப் பக்கம். எழுத்து வாசனை கிடையாது. நான் போன புதிதில் பச்சை விறகை ஊதி ஊதிக் கண்ணைச் சிவப்பாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு வார்த்தை பேசாமல் தன் அடுப்படியிலிருந்து காய்ந்த விறகை அள்ளிக்கொண்டு வந்து போட்டவர் அவர். அட்டை கடித்தால் சுண்ணாம்பு வைக்கச் சொன்னதும் அவர்தான். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனாலும் அவர் என்னைவிட ஒரு படி கீழே என்ற நினைப்பு எனக்குள் எப்போதும் இருந்தது. விறகை வாங்கிக்கொள்ளும்போதுகூட இருந்தது.

அந்த அக்காவின் வீட்டுக்காரருக்கு வெண்கலத் தொண்டை. அவர் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் எதிர் மலையில் ஆள் திரும்பிப் பார்க்கும். என்னவர் கூப்பிட்டால் முன்வரிசைக்கு மட்டும் கேட்கும். ஆனால் பனி விழத் தொடங்கினால் அந்த மனிதருக்கு நெஞ்சில் சளி கட்டிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமும்போது எங்கள் அலுமாரியில் கோப்பை அதிரும்.

அந்தச் சமயத்தில் எல்லாத் துரைமாருக்கும் ரப்பர் பைத்தியம் பிடித்திருந்தது. எங்கள் துரையும் கீழே பிபிலை போகிற பாதையில் காட்டை வெட்டி ரப்பர் போட ஆரம்பித்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். போகிறவருக்குக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு படி மேலே, கண்டாக்கையா என்று பட்டம், தகரக் கூரை போட்ட தனி வீடு. இரண்டு கணக்கப்பிள்ளைமாரில் ஒருவரை அனுப்புவது என்று ஆயிற்று. முன்னால் அனுப்பிய ஒரு மனிதர், பெண்டாட்டி தனிமையில் இருக்க மாட்டேன் என்று அழுததால், பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தார். அதனால் துரை தன் பெண்சாதியிடம் சொன்னாராம், இந்தத் தடவை வீட்டுப் பெண்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று. துரைசாணி சீமையிலிருந்து வந்து அதிக நாள் ஆகாதவர். நல்ல மாதிரி. தமிழ் ஒரு சொல் தெரியாது.

நான் அந்தத் தகரக் கூரையை ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன். கண்டாக்கையா வீட்டம்மா என்று லுணுகலைக் கடைவீதியில் வழிவிடுவார்கள். அப்பாவுக்கு எழுதலாம். கீழ்க்காட்டில் காய்ச்சல் உண்டு என்று தெரியும். மருந்து ஐயா மகளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்த வயதில் காய்ச்சல் என்பது பிறத்தியாருக்கு வருவது. வந்தால் அப்பா கொயினா அனுப்புவார் என்று இருந்தேன்.

ஒரு முற்பகல், ஆண்கள் மலையில் இருக்கிற நேரம், துரைசாணி குதிரையில் வந்து இறங்கினார். எங்களிடம் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்து, நான் ஆங்கிலம் பேசுவேன் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு கீழ்க்காட்டைப் பற்றி மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். காடு, தனி வீடு, துணைக்கு ஆள் கிடையாது, உன் புருஷனை அங்கே அனுப்பினால், என்று சொல்லி, கடைசியில் கேட்டார்: "டூ யூ மைண்ட்?"

உனக்கு மனசா என்று கேட்கிறார் என்று என் சிலேட்டு எனக்குச் சொல்லிற்று.

"யெஸ் மேடம்" என்றேன், வாயெல்லாம் பல்லாக. போதாது என்று, "ஐ மைண்ட் வெரி மச்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் முகம் ஒரு கணம் எப்படியோ ஆயிற்று. பிறகு என் கையைப் பிடித்து, நீ ஒளிக்காமல் பேசுகிற பெண், எனக்கு அது பிடித்திருக்கிறது என்றார். வேலை நமக்குத்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அடுத்த வீட்டுக்கும் வந்து பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும் என்று முன்னால் நடந்தேன்.

அக்கா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றார். துரைசாணி உட்காரவில்லை. அதே கதையைச் சொல்லி அதே கேள்வியைக் கேட்டார்.

"கீழ்க்காட்டுக்கு ஒங்க வீட்டுக்காரர அனுப்பினா ஒங்களுக்கு மனசான்னு கேக்குறாங்கக்கா" என்றேன்.

அக்கா தலை குனிந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், துரைசாணியைப் பார்க்கவில்லை.

"மனசில்ல தங்கச்சி. அந்த மனுசனுக்குப் பனிக்காலத்துல நெஞ்சு கட்டிக்கிட்டு என்ன பாடு படுறாருன்னு ஒனக்குத் தெரியும். இருமல் சத்தம் ஒன் வீட்டுக்கே கேக்கும். அங்க வேற காய்ச்சல்னு சொல்றாங்க. எங்க மாமா பய ஒருத்தன் அந்தப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போயி காய்ச்சல்லயே போயிட்டான். தொரை போன்னு சொன்னா போகாம இருக்க ஏலாது. கேக்குறாங்களேன்னு சொல்றேன். தயவுபண்ணி விட்டுறச் சொல்லு. எல்லாத்தயும் நல்லா வெளங்கச் சொல்லும்மா."

எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். அதைச் சொல்லத்தான் வேண்டும். அக்காவே வேண்டாம் என்கிறார், இனிப் போட்டி இல்லை. அந்தச் சந்தோஷத்தோடு துரைசாணி பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "நோ மேடம். ஷீ டஸ் நாட் மைண்ட்."

துரைசாணி அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு நேரம் பேசினாரே, வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

சளி, இருமல், காய்ச்சல், மாமா பையன், தயவு. இத்தனையையும் ஆங்கிலத்தில் கோத்துச் சொல்ல வேண்டும் என்றால் நடுவில் எங்கேயாவது நான் தடுக்கி விழுவேன். சற்று முன்தான் கையைப் பிடித்துப் பாராட்டியிருக்கிறார், அவர் முன்னால் தடுக்கி விழ எனக்கு விருப்பமில்லை. மேலும், வேண்டாம் என்ற பிறகு ஏன் வேண்டாம் என்பது எதற்கு?

"நத்திங் எல்ஸ், மேடம்" என்றேன்.

அவர் குதிரை ஏறிப் போனதும் அக்கா கேட்டார், "சொல்லிட்டியா தங்கச்சி? சளி, காய்ச்சல் எல்லாம் சொன்னியா?"

"எல்லாம் சொல்லிட்டேங்கக்கா."

"நல்லா இருப்பே" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பெரட்டில் துரை உத்தரவு சொன்னார். கீழ்க்காட்டுக்கு அக்காவின் வீட்டுக்காரர்.

என்னவர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. பெரிய கிளாக்கர் வேறு அவரிடம், "ஒம் பொண்டாட்டி ஒன்னய விட மாட்டேங்குறாளாமே" என்று எல்லார் முன்னாலும் கேலி பண்ணியிருக்கிறார். அவருக்கு முகம் செத்துப்போய் இருந்தது.

"அப்புடி என்ன சொன்ன நீ?" என்று கேட்டார்.

"மனசுதான்னு சொன்னேன். ரொம்ப மனசுன்னு சொன்னேன்" என்றேன். அது சத்தியம்.

பிறகு என் மூளை வேலை செய்தது. இல்லாத மூளைதான் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். அக்கா முன்னால் வேண்டாம் என்று நடித்துவிட்டு, பின்கட்டு வழியாகப் பங்களாவுக்குப் போய்க் காரியத்தைச் சாதித்துக்கொண்டார் என்று முடிவு செய்தேன். நேரே சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். அக்கா பெட்டியில் பாத்திரங்களைத் துணி சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. அதுவும் நடிப்பு என்றுதான் எனக்குப் பட்டது.

"மனசில்ல மனசில்லன்னு சொல்லியே வாங்கிட்டீங்களேக்கா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீதான தங்கச்சி கூட நின்னே? இம்புட்டும் கேட்டுட்டு அந்தம்மா அனுப்புதே, அதுக்கு நெஞ்சு இருக்கா?" என்றார்.

நான் திரும்பி வந்துவிட்டேன். மாட்டுவண்டி வந்து சாமான் ஏற்றியபோது வெளியே வரவில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டு, வண்டி மாட்டின் மணி வளைவு தாண்டிப் போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். போகும்போது அக்கா என் வாசலில் மிச்சமிருந்த காய்ந்த விறகைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதைத்தான் அந்த வாரம் எரித்தேன்.

கீழ்க்காட்டிலிருந்து ஒரு வருஷம் போல ஒரு சேதியும் நல்லதாக வரவில்லை. முதலில் ஆட்களுக்குக் காய்ச்சல், பிறகு அவருக்கு. விட்டு விட்டு வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்கு டோலியில் தூக்கி வந்தார்கள். உயிர் தப்பிற்று. ஆனால் காது போய்விட்டது. காய்ச்சல் தின்றதோ, அதற்கு விழுங்கிய கொயினா தின்றதோ, யார் கண்டது. பெயர் கூப்பிட்டால் ஆள் 'ஏன்' என்று பதில் குரல் கொடுப்பது காதில் விழாத மனிதர் எப்படிப் பெரட்டு எடுப்பார்? கணக்கப்பிள்ளை வேலை போயிற்று. அதற்குள் எங்கள் துரையும் துரைசாணியும் சீமைக்குப் போய்விட்டார்கள். புதுத் துரை இரக்கப்பட்டு அவரை விறகுக் கொட்டிலுக்குக் காவல் வைத்தார். வீடு கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில். அக்கா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனார். என்னவர் கூப்பிடுகிற பெயர்களில் அக்காவின் பெயரும் ஒன்றாகிவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னித்தேன். என் வேலையைத் தட்டிப் பறித்துக்கொண்டு போனவர்களைப் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரசமும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அக்கா வாங்கிக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார். அந்த ரசத்தை நினைத்தால்தான் எனக்கு இப்போது அதிகம் கூசுகிறது.

அடுத்த வருஷம் என் தங்கைக்குப் பிரசவம் என்று அட்டனுக்குப் புறப்பட்டேன். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றிருந்தது, பதுளைக்கு வரவில்லை. பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே ஒரு பறங்கி நர்ஸ். நடுவயசு, தடித்த உருவம், மடியில் பலகாரப் பெட்டி. அப்புத்தளை தாண்டிக் குளிர் ஏற ஆரம்பித்ததும் அவர் ஜன்னல் பக்கம் கையை வைத்து, "டூ யூ மைண்ட் இஃப் ஐ ஷட் த விண்டோ?" என்று கேட்டார்.

எனக்கும் நடுக்கம்தான். "யெஸ், யெஸ். ஐ மைண்ட் வெரி மச்" என்றேன் மலர்ந்த முகத்தோடு.

அவர் சுட்டுவிட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். ஜன்னல் திறந்தே கிடந்தது. ஒஹியாப் பக்கத்து மலைக்காற்று உள்ளே புகுந்து இரண்டு பேரையும் பிய்த்தது. குகை வந்தது, கரிப்புகை முழுக்க எங்கள் பெட்டிக்குள். அவர் இருமுகிறார், நானும் இருமுகிறேன். சாத்துகிறேன் என்று சொன்ன மனுஷி ஏன் சாத்தாமல் இருக்கிறாள் என்று எனக்குக் கோபம். அவர் என்னை ஜெயில்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது குகைக்குப் பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை. "ஒங்களுக்கு காத்து இல்லாட்டி நோவு வருமா?" என்று தமிழில் கேட்டார்.

"இல்லியே. எனக்கும் குளிருதுங்க. சாத்த மனசான்னு கேட்டீங்க, ரொம்ப மனசுன்னு சொன்னேன். நீங்கதான் சாத்தல" என்றேன்.

அவர் விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். பலகாரப் பெட்டி மடியில் குலுங்கும்படி சிரித்தார். எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, நான் இங்கே முதலில் எழுதியிருக்கிறேனே, அந்த விளக்கத்தைச் சொன்னார். அவர் தமிழ் கொச்சைதான், ஆனால் விளக்கம் தெளிவு. "யெஸ் எண்டா வேணாம். நோ எண்டா சரி. நீங்க வேணாம் எண்டு சொல்லிப்போட்டீங்க. அதுவும் வெரி மச்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார்.

நானும் கூடச் சிரித்தேன். என் வீட்டு நாற்காலியில் துரைசாணி உட்கார்ந்திருந்ததும் அவர் முகம் எப்படியோ ஆனதும் நினைவுக்கு வந்தபோதுகூடப் பாதிச் சிரிப்பு மிச்சம் இருந்தது. அக்காவின் முற்றம் நினைவுக்கு வந்ததும் மிச்சக் கேக்கை மடியில் வைத்துவிட்டேன். நோ மேடம், ஷீ டஸ் நாட் மைண்ட். அந்த மனுஷி மனசில்லை என்று சொன்னதை நான் 'அவருக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை' என்று சொல்லியிருக்கிறேன். போக மனசு என்று நான் சொன்னது, 'அனுப்பவே கூடாது' என்று போயிருக்கிறது. எனக்கு வந்தது அக்காவுக்குப் போயிற்று, அக்காவின் வேண்டுதல் எனக்குப் பலித்தது.

நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெவர் மைண்ட்" என்றார். "பரவாயில்ல எண்டு அர்த்தம். அதையும் படிச்சு வையுங்க."

அட்டனில் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. எல்லாரும் கொண்டாடினார்கள். நான் மூலையில் உட்கார்ந்து தூளி ஆட்டிக்கொண்டே, திரும்பிப் போய் எந்த முகத்தோடு லயத்துப் பக்கம் நடப்பது என்று யோசித்தேன்.

ஊர் திரும்பியதும் முதலில் என்னவரிடம் சொன்னேன்.  அவர் கேட்டுவிட்டு மெல்லச் சிரித்தார்.

"அப்ப நீ என்னய அனுப்ப மாட்டேன்னுதான் சொல்லியிருக்க."

"இல்லீங்க. போங்கன்னுதான் சொன்னேன். அது அப்புடிப் போயி விழுந்துருச்சு."

"எப்புடியோ. நான் போயிருந்தா என் காது போயிருக்கும், இல்ல ஆளே போயிருப்பேன். ஒன் வாயில சாமி வந்து பேசியிருக்கு" என்றார். நாலு பேரிடம் சொல்லியும் வைத்தார். பெண்டாட்டி புருஷனைக் காப்பாற்றிய கதையாக அது மறுநாளே மலையில் சுற்ற ஆரம்பித்தது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெண்கள் என்னைப் பார்த்து, கெட்டிக்காரி என்று தலையை ஆட்டினார்கள். அந்தப் பேச்சு அக்காவின் காதுக்குப் போவதற்குள் நானே போய்விட வேண்டும் என்று, அன்று சாயங்காலமே லயத்துக்கு நடந்தேன். கையில் ரசம் எடுத்துப் போகவில்லை.

அக்கா அப்போதுதான் மலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டுப் பலகையைப் போட்டார். கோடிப்புறத்தில் அவர் வீட்டுக்காரர் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்தும் உட்காராமலும், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல், அதற்கு இரண்டு முகம், நான் ஒரு முகத்தை மட்டும் படித்தது, ரயில், நர்ஸ். இங்கிலீஷ்காரன் வைத்த சொல் இப்படிக் கழுத்தறுக்கும் என்று நான் கண்டேனா என்று சொன்னேன். நான் சொன்ன விதத்தில் என் குற்றம் தேய்ந்து, அந்தச் சொல்லின் குற்றம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. அது எனக்கே தெரிந்தது.

அக்கா ஈரக் காலைத் துணியால் துடைத்தார். பிறகு சொன்னார்:

"அந்த வார்த்த மாறிப்போச்சு. சரி. ஒனக்குத் தெரியல, அதுக்கு நீ என்ன பண்ணுவ. ஆனா சளி, காய்ச்சல், எங்க மாமா பய செத்தது, அதெல்லாந்தான் வெளக்கமாச் சொன்னியே. அதக் கேட்டுமா அந்தம்மா அனுப்புனாங்க? இத்தன நாளும் நான் அத நெனச்சுத்தான் அந்தப் பொம்பளயச் சபிச்சுக்கிட்டு இருந்தேன்."

பலகையில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து ஓடத் தோன்றிற்று.

"அத நான் சொல்லலக்கா" என்றேன்.

"சொல்லலியா?"

"சொல்லல."

"ஏன்?"

"அதுக்கெல்லாம் இங்கிலீசு தெரியலக்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மருந்து ஐயா மகளுக்கா?" என்றார்.

 காஃப், ஃபீவர், செஸ்ட். மூன்று சொல். பல் முளைக்கிற வயதில் பசை தடவி ஒட்டிய சொற்கள். சிலேட்டே தேவையில்லாமல் எனக்குத் தெரிந்திருந்த ஆங்கிலம் அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து அவர் வீட்டுக்காரர் ஒரு கட்டு விறகோடு உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தன் குரலே தனக்குக் கேட்காததால் அவர் எப்போதும் பெரட்டில் கூப்பிடுகிற அதே சத்தத்தில்தான் பேசுவார்.

"வாங்கம்மா, வாங்க. தங்கச்சிக்குக் கொழந்த பொறந்துச்சாமே" என்றார். நான் தலையை ஆட்டினேன். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்திருப்பார்போல. விறகைக் கீழே போட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பி, எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இம்புட்டு நேரமாப் பேசிக்கிட்டு இருக்காங்களே, என்ன சொல்றாங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவர் காதருகில் போய், கையையும் விரித்துக் காட்டி, உரக்கச் சொன்னார்:

"வேற ஒண்ணுமில்லங்க. சும்மா பாத்துட்டுப் போக வந்தாங்க."

அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். விறகுக் கட்டை அவிழ்த்து, அதில் காய்ந்ததாக நாலு எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோங்க என்று என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.